பேதுருவின் இரண்டாவது படகு

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணியளவில் றிம்ஷாவுக்கு லூசியாவிடமிருந்து அழைப்பு வந்தது. தாழ்வுபாட்டுக்கு அப்பாலுள்ள கரையொன்றில் மீனவர் சங்கத்தின் பதிவுகளைப் பார்ப்பவள் லூசியா. அவள் குரல் எப்போதும் உரத்துத்தான் வரும். அன்று தணிந்திருந்தது.

"தங்கச்சி, பேதுரு அண்ணை வந்திட்டாரெண்டு உங்கட திரையில பச்சையாக் கிடக்கு. ஆனா பிலோமினா இஞ்ச வந்து நிக்கிறா. ஆளையும் காணேல்ல, போட்டையும் காணேல்ல."

பிலோமினா பேதுருவின் மனைவி.

றிம்ஷா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மன்னார் நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அவளும் தனஞ்சயனும் சிறிய மென்பொருள் கந்தோர் நடத்தி வந்தார்கள். இரண்டு மேசை, மூன்று கதிரை. சங்கத்துக்கு அவர்கள் செய்து கொடுத்தது பெரிய வேலையொன்றுமில்லை. பின்னேரம் கடலுக்குப் போகும் படகுகளை லூசியா ஒவ்வொன்றாகப் பதிவாள். போன படகின் வரிசை திரையில் சிவப்பாகும். காலையில் அது திரும்பி வந்ததும் பச்சையாகும். ஒன்பது மணிக்குப் பிறகும் ஒரு வரிசை சிவப்பாக இருந்தால் சங்கம் தேடத் தொடங்கும். முன்பு இதையெல்லாம் ஒரு கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதினார்கள். ஏழு மாதமாகத் திரைதான். ஏழு மாதத்தில் ஒரு பிழை வரவில்லை.

றிம்ஷா கணினியில் பேதுருவின் படகுக்குரிய பதிவுகளைத் திறந்தாள். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு 'கடலில்' என்றிருந்தது 'கரையில்' என்று மாறியிருந்தது.

"லூசியாக்கா, எட்டுப் பத்துக்கு அவர் வந்தாரெண்டு ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்ல. எட்டு மணிக்கு நான் லைசென்ஸ் திகதிதான் மாத்தினனான். பேதுரு அண்ணைக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும். பின்னேரம்தான் எப்பவும் மாத்துறது, இண்டைக்கு வேளைக்கே திணைக்களக் கடிதம் வந்திட்டுது."

அந்தக் கணமே றிம்ஷாவுக்கு விளங்கிவிட்டது. தான் எழுதிய நிரலில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்பது வரைக்கும் விளங்கியது. அவள் தாமதிக்கவில்லை.

"அக்கா, அவர் வரேல்ல. திரைதான் பிழை. உடன போட்டுகளை அனுப்பச் சொல்லுங்கோ. நேவிக்கும் சொல்லுங்கோ. மற்ற ரெண்டு பேரும் வந்திட்டினமோ எண்டு நேரில பாருங்கோ, திரையைப் பார்க்காதேங்கோ."

மற்ற இருவரும் வீட்டில் இருந்தார்கள். பேதுருவும் அவரோடு கடலுக்குப் போன மச்சானும் மட்டும்தான் இல்லை.

தனஞ்சயன் எதிர்மேசையிலிருந்து எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். அவன் வெள்ளாங்குளத்துப் பக்கத்தவன், நெல்வயல் வைத்திருக்கும் குடும்பம். அதிகம் பேசமாட்டான்.

"லைசென்ஸ் பக்கமோ?" என்றான்.

"ஓம். கொன்ஸ்ட்ரக்டர்."

நிரலில் 'படகு' என்று ஒரு கிளாஸ் இருந்தது. ஒரு படகைப் பற்றி என்னென்ன விவரம் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அச்சு அது. அந்த அச்சிலிருந்து ஒரு படகை நினைவகத்தில் உண்டாக்கித் தருவது கொன்ஸ்ட்ரக்டர். அதைக் கூப்பிட்டால் அது புதிய படகொன்றைத் தரும். இந்த இலக்கத்தில் ஏற்கெனவே ஒரு படகு இருக்கிறதே என்று அது சொல்லாது. அப்படிச் சொல்வது அதன் வேலையும் இல்லை. புதிய படகின் நிலை 'கரையில்' என்றே தொடங்கட்டும் என்று எழுதியவள் றிம்ஷாதான். புதிதாகப் பதியும் படகு கரையில்தானே நிற்கும்.

அனுமதிப்பத்திரத் திகதியை மாற்றும் பக்கத்தை அவள் மார்கழியில் அவசரமாகச் சேர்த்திருந்தாள். கடலில் இருந்த பேதுருவின் படகை அந்தப் பக்கம் தேடி எடுக்கவில்லை. அவருடைய இலக்கத்தைக் கொடுத்துக் கொன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டது. வந்த புதிய படகில் திகதியை எழுதி, பழையதின் மேல் சேமித்துவிட்டது. இத்தனை நாளும் லூசியா பின்னேரங்களில், படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்போதே திகதி மாற்றியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"இப்ப நிரலில கை வைக்க வேண்டாம்," என்றான் தனஞ்சயன். "அந்தப் பக்கத்தை மட்டும் நான் மூடிவிடுறன். நீங்கள் அங்க போங்கோ."

றிம்ஷா மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஸ்கூட்டியில் போகும்போது சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். 'சிஸ்டத்தில ஒரு சின்னப் பிழை வந்திட்டுது' என்று ஒரு வசனம் முதலில் வந்தது. பிழை தானாக நடந்து வந்தது மாதிரி இருந்தது அந்த வசனம். அதை விட்டாள். வேறு வசனம் கிடைக்கவில்லை. வீதியோரம் மீன் காயவிட்டிருந்த பாய்களை வாடைக்காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தக் காற்று கடலுக்குள் எந்தப் பக்கம் தள்ளும் என்று நினைத்தபோது கை தானாகவே வேகத்தைக் கூட்டியது.

ஐப்பசியில் நடந்த பேச்சு ஞாபகம் வந்தது. படகை உண்டாக்க ஃபக்டரி மெதட் ஒன்று வைப்போமா என்று தனஞ்சயன் கேட்டிருந்தான். எல்லாப் பக்கங்களும் கொன்ஸ்ட்ரக்டரை நேரே கூப்பிடாமல் அந்த ஒரு வாசலால் வரட்டும் என்றான். அவள் சிரித்துவிட்டாள். கொழும்பில் நான்கு வருடம் வேலை செய்த நிறுவனத்தில் ஒரு சிறு பொருளை உண்டாக்க ஏழு ஃபைல் திறக்க வேண்டியிருந்தது. ஃபக்டரியை உண்டாக்க இன்னொரு ஃபக்டரி. அங்கிருந்து வெளியேறிய நாளில், இனி ஒரு வரியில் முடிவதை ஒரு வரியிலேயே எழுதுவேன் என்று தனக்குள் முடிவெடுத்திருந்தாள். "ஒரு போட்டுக்கு இவ்வளவு சடங்கு வேணுமோ?" என்று அவனைக் கேட்டாள். அவன் விட்டுவிட்டான்.

சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஆறு படகுகள் தேடிப் போயாயிற்று. சங்கத் தலைவர் சிங்கராசா வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பேசிக்கொண்டிருந்தார். படியில் பிலோமினா இருந்தாள். ஐம்பதை அண்டிய, மெலிந்த பெண். மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அழவில்லை.

றிம்ஷா அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நான் றிம்ஷா. அந்தத் திரையைச் செய்தது நான். பேதுரு அண்ணை வந்திட்டாரெண்டு அது காட்டினது என்ர பிழை. லூசியாக்காவின்ர பிழை இல்லை."

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டரைக்கு நான் லூசியாவுக்கு ரெலிபோன் எடுத்தனான். பச்சையெண்டு சொன்னா. சரி, மீனோட டவுனுக்குப் போயிட்டாராக்கும் எண்டு நினைச்சுப்போட்டு நான் உடுப்புத் தோய்க்கப் போயிட்டன்." மடியிலிருந்த பெட்டியைத் திருப்பி வைத்தாள். "உடுப்புத் தோய்ச்சனான், பிள்ளை. பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு தோய்ச்சனான்."

பிலோமினா கடல் பக்கம் பார்த்தாள்.

"மூண்டு நாலு மணித்தியாலத்தில வாடை எவ்வளவு தூரம் தள்ளும் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியும்," என்றாள் பிலோமினா. பிறகு, "போய் உங்களால ஏலுமானதைச் செய்யுங்கோ. எனக்கு முன்னால நிக்காதேங்கோ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள்.

உள்ளே சிங்கராசாவிடம் றிம்ஷா கேட்டாள்: "எந்தப் பக்கம் தேடுறியள்?"

"மேற்கால. அவர் எப்பவும் அங்கதான் வலை விடுறவர்."

"போகேக்க இடம் சொல்லுறவையெல்லோ? லூசியாக்கா, நேற்று என்ன சொன்னவர்?"

லூசியா தலையில் கைவைத்தாள். "இருபத்திமூண்டு போட் போனது தங்கச்சி. எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? நான் அதில அடிச்சனான். இப்ப பார்த்தா அதில ஒண்டும் இல்லை."

இடமும் அழிந்திருந்தது. புதிய படகுக்கு நேற்றைய பின்னேரம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரவு பத்துமணிக்குப் பதிவுகள் முழுவதையும் பிரதியெடுத்து வைக்கும்படி தனஞ்சயன் ஒழுங்கு செய்திருந்தான். றிம்ஷா நிலத்திலேயே அமர்ந்து மடிக்கணினியைத் திறந்து, கைத்தொலைபேசியின் இணைப்பில் திங்கள் இரவுப் பிரதியை இறக்கினாள். அது மெதுவாக வந்தது. அவள் உதடு தன்பாட்டில் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. பேதுருவின் வரிசை வந்தது. நிலை: கடலில். ஆட்கள்: இரண்டு. இடம்: சிலாவத்துறைக்கு நேரே, வெளியில்.

அவள் அதை உரத்து வாசித்தாள்.

"தெற்கால போயிருக்கிறானே!" என்று சிங்கராசா எழுந்தார். "ஓம், ஓம், மச்சான்காரன் அங்க மீன் நல்லாப் படுகுதெண்டு ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்." வயர்லெஸ்ஸைத் தூக்கி, மேற்கே போன படகுகளில் நான்கைத் தெற்கே திருப்பினார். நேவிக்கும் புது இடத்தைச் சொன்னார். சிலாவத்துறையிலிருந்து காற்றுத் தள்ளும் கணக்கைப் போட்டு, தென்மேற்கே இன்னும் வெளியில் போகும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. றிம்ஷா கட்டடத்தின் பின்பக்கம் போய்க் குழாயில் கைகால் கழுவி வுழு செய்து, லூசியா விரித்துக் கொடுத்த ஒரு துண்டில் தொழுதாள். பிலோமினா படியில் இருந்தபடியே செபமாலையை உருட்டினாள். வெயில் சாய்ந்தது. யாரோ தேத்தண்ணி ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தார்கள். பிலோமினா தன்னுடையதைக் குடிக்கவில்லை.

நாலு மணி இருபதுக்கு வயர்லெஸ் கரகரத்தது. "கண்டிட்டம். ரெண்டு பேரும் சுகம். கட்டி இழுத்துக்கொண்டு வாறம்."

பிலோமினா அப்போதுதான் அழுதாள்.

படகுகள் கரைக்கு வந்தபோது ஆறு மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. பேதுரு மெலிந்த, கறுத்த, உயரமான மனிதர். உதடுகள் வெடித்திருந்தன. எஞ்சின் விடியவே நின்றுவிட்டது என்றார். தண்ணீர் ஆழமானதால் நங்கூரக் கயிறு எட்டவில்லை. வலையைக் கடலில் விட்டு அதை இழுத்துக்கொண்டு கிடந்ததால் படகு அவ்வளவு வேகமாக ஓடவில்லை. கொண்டுபோன தண்ணீர் பத்து மணிக்கே முடிந்துவிட்டது.

"ஒன்பது மணிக்கு வருவினமெண்டு பார்த்தம்," என்றார். "பத்தாச்சு, பதினொண்டாச்சு. எங்களை மறந்திட்டினமோ எண்டு இவன் மச்சான் கேக்கிறான்."

"இஞ்சாருங்கோ, முதல் குடியுங்கோ. பிறகு கதையுங்கோ," என்றாள் பிலோமினா.

அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் றிம்ஷா நின்றாள். பிறகு கிட்டப் போய், பிலோமினாவிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு அது விளங்கேல்ல பிள்ளை. நான் கடலுக்க நிக்கேக்க, கரையில நிக்கிறனெண்டு அது எப்பிடிச் சொல்லும்?"

"லைசென்ஸ் திகதி மாத்தேக்க உங்கட போட்டைத் தேடி எடுத்திருக்க வேணும். நான் எழுதினது தேடேல்ல அண்ணை. உங்கட நம்பரில புதுசா ஒரு போட்டைச் செய்துபோட்டுது. அது புதுப் போட். கடலுக்குப் போனதே இல்லை. அதால கரையில நிக்குதெண்டு சொல்லிச்சுது."

பேதுரு தன் படகைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு இப்ப ரெண்டு போட்டோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்து, உதடு வெடித்து, "ஆ" என்று நிறுத்தினார். பிலோமினா சிரிக்கவில்லை. றிம்ஷாவும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு சங்கம் கூடியது. இந்தத் திரையைக் கழற்றி எறியுங்கோ என்று சிலர் சொன்னார்கள். திங்கள் இரவுப் பிரதி இல்லையென்றால் தெற்கே திரும்பியிருக்கவே மாட்டோம் என்று லூசியா வாதாடினாள். றிம்ஷாவை எழுந்து பேசச் சொன்னார்கள். எங்கே பிழை விட்டேன், எப்படித் திருத்தப் போகிறேன் என்று அவள் சொன்னாள். திருத்தி முடியும் வரை கரும்பலகையில் எழுதுங்கள், திரையை நம்பவேண்டாம் என்றும் சொன்னாள். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. திரைக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை இருவரும் நிரலை முதலிலிருந்து வாசித்தார்கள். 'படகு' கிளாஸின் கொன்ஸ்ட்ரக்டர் பதினொரு இடங்களில் நேரடியாகக் கூப்பிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே உண்மையில் எங்களுக்கு என்ன வேண்டும் என்று றிம்ஷா கேட்டாள். பத்து இடங்களில் வேண்டியிருந்தது ஏற்கெனவே இருக்கும் ஒரு படகு. அவற்றில் ஒன்பதில் பழைய விவரங்களை அவளே மறுபடி நிரப்பியிருந்தாள்; லைசென்ஸ் பக்கத்தில் மட்டும் விட்டிருந்தாள். ஒரே ஓர் இடத்தில்தான் புதியது.

"பார்த்தீங்களோ, பத்துக்கும் ஒண்டுக்கும் ஒரே வரி," என்றாள். "வாசிக்கிற ஆளுக்கு எது எதெண்டு தெரியாது. எழுதின எனக்கே தெரியேல்ல."

கொன்ஸ்ட்ரக்டரைக் கிளாஸுக்கு வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாதபடி மூடினாள். அதற்குப் பதிலாக இரண்டு ஃபக்டரி மெதட் எழுதினாள். ஒன்றுக்குத் 'தேடியெடு' என்று பெயர் வைத்தாள். இலக்கத்தைக் கொடுத்தால் உள்ள படகையே தரும். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். மற்றதுக்குப் 'புதிதாய்ப் பதி' என்று பெயர். அது அந்த இலக்கம் முன்பே இருந்தால் மறுத்துவிடும். இல்லாவிட்டாலும் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் உண்டாக்காது.

வேலைக்கு நடுவில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "ஐப்பசியில நீங்கள் இதைத்தானே சொன்னீங்கள். ஏன் கொஞ்சம் பிடிவாதமா நிக்கேல்ல?"

தனஞ்சயன் கதிரையைப் பின்னால் தள்ளினான்.

"உண்மையைச் சொன்னா எனக்கும் காரணம் தெரியாது," என்றான். "படிக்கேக்க அது நல்லமெண்டு சொல்லித் தந்தவை. அதான் சொன்னனான். ஏனெண்டு நீங்கள் கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பன்."

அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு அந்தச் செவ்வாய்க்குப் பிறகு முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது.

பிறகு அவன் உற்சாகமாகி, மற்றக் கிளாஸ்களுக்கும் இதையே செய்வோம் என்றான். மீன் நிறை பதிவதற்கும் ஒரு ஃபக்டரி மெதட் எழுதத் தொடங்கினான். றிம்ஷா தடுத்தாள்.

"அதுக்கு வேண்டாம். இண்டைக்குப் பிடிச்ச மீன் இண்டைக்குத்தான் வருது. ஒவ்வொரு நிறையும் புதுசு. அதுக்குக் கொன்ஸ்ட்ரக்டரே போதும். போட் அப்பிடியில்லை. நாங்கள் எழுத முதலே அது கடலில நிக்குது."

அவன் எழுதியதை அழித்தான்.

மாதத் தவணை முடிந்த நாள் பின்னேரம் றிம்ஷா கரைக்குப் போனாள். லூசியா திரைக்கு முன்னால் புறுபுறுத்துக்கொண்டிருந்தாள். ஓர் இலக்கத்தை மாறி அடித்திருந்தாள். திரை ஏற்கவில்லை. 'இந்த இலக்கத்தில் படகு இல்லை. சரிபார்க்கவும்' என்று நின்றது.

"முந்தி என்னத்தை அடிச்சாலும் எடுக்கும். இப்ப என்னோட சண்டை பிடிக்குது உங்கட சாமான்."

"பிடிக்கட்டும் அக்கா."

வாசலில் இன்னொரு சண்டை. முசலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தொழில் செய்யும் றிஸ்வி புதிதாக ஒரு படகு வாங்கியிருந்தார். அன்றே கடலுக்குப் போக வேண்டுமாம். சிங்கராசா ஒப்புதல் கொடுக்காமல் பதிய முடியாது என்று லூசியா சொல்லிவிட்டாள். சிங்கராசா ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார்.

"ஒரு போட்டைப் பதிய இவ்வளவு பாடோ?" என்று றிஸ்வி றிம்ஷாவிடம் முறையிட்டார்.

"ஓம் றிஸ்வி நானா," என்றாள் றிம்ஷா. "கொஞ்சம் பொறுங்கோ, வந்திடுவார்."

முக்கால் மணித்தியாலம் கழித்து சிங்கராசா வந்து, வெளியே போய்ப் படகை ஒருதரம் சுற்றிப் பார்த்து, இலக்கத்தை வாசித்து, ஒப்புதல் கொடுத்தார். றிஸ்வியின் படகு இருபத்திநாலாவது வரிசையாகத் திரையில் வந்தது.

வலைத்துண்டு ஒன்றைக் கொடுக்க வந்த பிலோமினா கதவடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். றிம்ஷா வெளியே வந்தபோது கேட்டாள்: "இப்ப அந்தத் திரை, 'இல்லை'யெண்டும் சொல்லுமோ?"

"சொல்லும் அக்கா."

"நல்லது." பிறகு, "எண்டாலும் நான் காலமை கரைக்கு வந்து என்ர கண்ணால பார்ப்பன்," என்றாள்.

"வாங்கோ அக்கா. நானும் அதைத்தான் சொல்லுவன்."

பிலோமினா தலையாட்டிவிட்டு நடந்தாள். கீழே றிஸ்வி தன் படகைத் தண்ணீருக்குள் தள்ளக் கைகொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேதுரு இன்னும் இருவரோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.